நான் அப்போது அங்கே இல்லை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இருமல் மருந்தைக் குடிக்கிறாரா, இல்லை வழக்கம்போல அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கிறாரா? பாப்பாவுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா?

ஒரு நல்ல செய்தி. எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் பின்பக்கச் சுவரை இடித்துக் கட்டினார்கள் என்று எழுதியிருந்தேனே, அது இப்போது பூச்சு காய்ந்து வெள்ளையாக நிற்கிறது. ஜன்னலே இல்லாத நீளச் சுவர். அதில் கடவுள் படைத்த உயிர்களையெல்லாம் வரைய வேண்டுமாம். போன வாரம் பிரார்த்தனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது செயலாளர் அம்மா என்னிடம் வந்தார். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லோரையும் ஆறாம் வகுப்பாகத்தான் நினைப்பார். "நீ பறவையெல்லாம் வரைவியாமே, ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று அதட்டினார்.

'மெதுவா' என்கிறவன்தான் போட்டுக் கொடுத்திருக்கிறான். உனக்கு அவனை நினைவிருக்கும். என்னோடு லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நீ இங்கே வந்தபோது லிஃப்ட் ஓடாமல் உன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறியவன். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் கம்பெனியில் அதுவே அவன் பெயராகிவிட்டது. அவன் இப்போது கூடத்துக் குழுவில் இருக்கிறான்.

அக்கா, இத்தனை வருஷமாக அந்தக் கூடத்தில் நான் மின்விசிறி நின்றால் கூப்பிடுகிற ஆள். இப்போது என் கையை வேறு காரியத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். சந்தோஷத்தில் அன்றைக்கு அடுப்பில் வைத்த பாலைக் கருக விட்டேன். பழைய வயரிங் வரைபடங்களின் பின்பக்கத்தில் மாதிரி போட ஆரம்பித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

---

பிப்ரவரி 15

என் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. பாப்பாவின் பல் விழுந்தது, அதை அவளே விழுங்கிவிட்டாள். உன் அத்தான் கவலைப்பட்டு மருத்துவரைக் கூப்பிட, அவர் சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். மருந்தை அவர் குடிப்பதில்லை. நீ கேட்டதாகச் சொன்னேன், "உன் தம்பிக்கு வேற வேலையில்லயா" என்றார்.

உன் கடிதத்தை வேலை செய்யும் இடத்துக்கே எடுத்துப்போய்விட்டேன். துணி வெட்டும் பகுதியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மேற்பார்வையாளர் முறைத்தார், அவருக்கும் சேர்த்து வாசித்தேன். என் தம்பி ஒரு முழுச் சுவரில் வரையப் போகிறான் என்றால் சும்மாவா? நீ முன்பு அனுப்பிய வௌவால் படத்தை முன்னறையில் மாட்டியிருக்கிறேன். முதலில் எனக்கே அருவருப்பாக இருந்தது. இப்போது அதன் முகத்தைப் பார்த்தால் யாரோ தெரிந்தவர் தலைகீழாகத் தூங்குவதாகத் தோன்றுகிறது. மின்கணக்கு எடுக்க வந்தவர் அதன் முன்னால் நின்று வந்த வேலையை மறந்துவிட்டார். உனக்கு எங்கிருந்துடா வந்தது இந்தக் கை? அப்பாவுக்கு நேர்க்கோடுகூட வராது.

சிங்கத்தை நடுவில் வை. பெரிதாக வை. பிடரி காற்றில் பறக்கட்டும். நான் இப்போதே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். திறப்பு நாளைச் சொல், விடுப்புக்கு முன்கூட்டியே சண்டை போட வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பாலைப் பார்த்துக் காய்ச்சு.

அக்கா

---

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாப்பா விழுங்கிய பல்லுக்கு என் அனுதாபங்கள்.

சிங்கத்தில்தான் சிக்கல். குழுவிலிருந்து என்னென்ன வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சிங்கம், யானை, புலி, வரிக்குதிரை. பார்த்து வரைய ஒரு நாட்காட்டியும் கொடுத்தார்கள். நான் இவற்றில் எதையுமே சரியாகப் பார்த்ததில்லை. சின்ன வயதில் நீயும் நானும் கூண்டில் ஒரு சிங்கத்தைப் பார்த்தோம். அது கடைசி வரை சுவரைப் பார்த்தே படுத்திருந்தது. அதன் முதுகைத்தான் எனக்குத் தெரியும்.

நீ கேலி செய்வாய், பரவாயில்லை. நேரில் பார்க்காத உயிரை நான் வரைவதில்லை. கட்டிடங்களின் உச்சியில், லிஃப்டின் மெஷின் ரூமில், பாதி நாள் நான் தனியாக இருக்கிறேன். அங்கே ஜன்னல் திட்டில் பருந்து வந்து உட்காரும். மோட்டார் சூட்டுக்குப் பல்லிகள் வரும். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது எனக்கு நன்றி சொல்லத் தோன்றும். வாயால் சொல்லத் தெரியாததால் வரைகிறேன். எனக்குப் பிரார்த்தனை என்பதே அதுதான். பார்க்காததைப் பார்த்தேன் என்று பிரார்த்தனையில் எப்படிச் சொல்வது?

அதனால் சுவரில் நம்மோடு வாழ்கிறவர்களையே வரையலாம் என்று இருக்கிறேன். எலி, காகம், பல்லி, வௌவால், தவளை, தெருநாய், குளவி. அவற்றையும் கடவுள்தானே படைத்தார்? வரும் வாரம் குழுவில் சொல்லப் போகிறேன். "மெதுவா சொல்லு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றான் மெதுவா. அந்தத் தைரியத்தில்தான் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

---

மார்ச் 12

என் தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே உன் மூளை நலமா?

கடவுளின் கூடத்தில் எலியை வரைவேன் என்கிறாய். எலியைக் கண்டால் பூனைகூட ஓடும் தெரு எங்களுடையது, அதைப் படத்திலும் பார்க்க வேண்டுமா? சிங்கத்தை வரைந்தால் உன் கையிலிருந்து என்ன உதிர்ந்துவிடும்? உலகத்தில் எல்லாப் படக்காரர்களும் சிங்கத்தோடு டீ குடித்துவிட்டா வரைகிறார்கள்? நான்கூட மாப்பிள்ளை யாரென்றே தெரியாமல் எத்தனையோ கோட்டுக்குத் துணி வெட்டியிருக்கிறேன்.

கோபத்தில் எழுதுகிறேன், இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்தேன். அவர் எழுந்து போய் அந்த வௌவாலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "அவன் சொல்றது சரிதான், இது பொய்யில்ல" என்றார். மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

எப்படியோ போ. ஆனால் அந்த அம்மாவிடம் மரியாதையாகப் பேசு. உனக்குக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற கெட்ட பழக்கம் உண்டு. கேட்பவர் மனசைப் பார்த்துப் பேசப் பழகு. என்ன நடந்தது என்று உடனே எழுது.

அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பாப்பாவுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டதா?

எங்கள் பணிமனைக்குப் பின்னால் பழைய இரும்பு கொட்டிய இடத்தில் ஒரு நரி இருக்கிறது. பெண் நரி. காலையில் சீக்கிரம் போனால் தெரியும். முதல் நாள் வால் மட்டும் கிடைத்தது. பிறகு ஒரு காது. அசையாமல் உட்கார்ந்திருக்க நான் பழகிக்கொண்டேன், அதுவும் என்னைச் சகித்துக்கொள்ளப் பழகிக்கொண்டது. போன வாரம் ஒரு துருப்பிடித்த லிஃப்ட் கதவின் மேல் ஏறி நின்று, முன்னங்காலை நீட்டி முதுகை நெளித்தது. அதன் தொண்டையின் அடியில் முடி புகை நிறம். அந்த நிறத்தைக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கிண்ணம் கிண்ணமாய் வெள்ளைச் சாயத்தைக் கெடுத்தேன். கடைசியில் தேயிலைத் தண்ணீர் உதவியது. தவறிப்போய்த் தூரிகையை நான் குடிக்க வைத்திருந்த டீயில் தோய்த்துவிட்டேன், அதே நிறம். படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சுவர் விஷயம் அப்புறம் எழுதுகிறேன். வேலை ஜாஸ்தி, கூடத்துக்குப் போக முடிவதில்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

---

மே 1

என் தம்பிக்கு ஆசிகள்.

நாங்கள் சுகம். பல் முளைத்துவிட்டது, கோணலாக.

நரி வந்து சேர்ந்தது. அதைப் பற்றி நான் என்ன சொல்ல. உறையைப் பிரித்ததும் வேலைக்குப் போகிற பேருந்தை விட்டுவிட்டேன். அது நெளிக்கிறதைப் பார்த்து எனக்கே முதுகை நெளிக்க வேண்டும் போலிருந்தது. வௌவாலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். உன் கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இல்லாமல் போனாய்.

இப்போது அக்காவாகக் கேட்கிறேன். ஒரு பக்கம் முழுக்க நரி, சுவருக்கு ஒரு வரி. மழை கொட்டினாலும் கூடத்துக்குப் போகிறவன் நீ, வேலை என்கிறாய். உன் கடிதங்களில் மெதுவா இல்லாமல் ஒன்றுகூட வந்ததில்லை. அவன் சொன்னான், அவன் பாடினான், அவன் உன் சாப்பாட்டைத் தின்றான் என்று ஏதாவது இருக்கும். இதில் அவன் பெயரையே காணோம். என்னிடமிருந்து எதையடா மறைக்கிறாய்?

சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

---

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன்னிடம் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுவர் இல்லையென்று ஆகிவிட்டது. பெயர்ப்பலகை எழுதுகிற ஒருவர் அந்த நாட்காட்டியைப் பார்த்து வரையப் போகிறார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. குழுவில் நான் சொன்ன ஒரு வார்த்தை தவறாகப் போய்விட்டது. நான் கடவுளைக் கேலி செய்தேன் என்று நினைத்துவிட்டார்கள். விளக்கத் தெரியவில்லை. அப்படி நினைக்கிறவர்கள் நடுவில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார முடியவில்லை. அதனால் மாடி உச்சியிலேயே பிரார்த்தனை செய்துகொள்கிறேன். எல்லாம் சரிதான், பாட்டு மட்டும் இல்லை. எனக்குப் பாட வராது, கேட்டுப் பழகியவன். அது இல்லாமல் வாரம் வாரமாகவே இல்லை.

மெதுவாவும் நானும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். அவனைத் தப்பாக நினைக்காதே.

நேற்று ஒரு பெரிய அலுவலகக் கட்டிடத்தில் வேலை. மெஷின் ரூமின் காற்றுத் துளையில் ஒரு கூகை ஆந்தை குடும்பம் நடத்துகிறது. தாய் என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்தது. குஞ்சுகளுக்கு முகம் மட்டும் பெரியவர்களுடையது, உடம்பெல்லாம் பஞ்சு. அரைகுறையாக வரைந்தேன். நடுவில் மாடிப்படி முழுக்க ஒரு தடவை இறங்கி ஏற வேண்டியதாகிவிட்டது, இன்றைக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உன் முழங்காலின் அருமை இப்போது தெரிகிறது.

உன் தம்பி

---

ஜூன் 2

மெதுவா தம்பிக்கு,

நலமா? வீட்டில் எல்லோரும் சுகமா? உங்கள் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் ஏறியவரை எனக்கு இந்தப் பெயரில்தான் பழக்கம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தம்பி பருந்தைப் பற்றிக் கேட்டால் இறகு இறகாக எழுதுவான், தன்னைப் பற்றிக் கேட்டால் கெண்டைக்கால் வலிக்கிறது என்பான். குழுவில் அவன் என்னதான் சொன்னான்? உங்களைத் தப்பாக நினைக்காதே என்று எழுதியிருக்கிறான். அதைப் படித்த பிறகுதான் நினைக்க ஆரம்பித்தேன்.

உண்மையை எழுதுங்கள். கத்த மாட்டேன். கொஞ்சம்தான் கத்துவேன்.

அக்கா

---

ஜூன் 17

மரியாதைக்குரிய அக்காவுக்கு வணக்கம்.

வீட்டில் எல்லோரும் நலம். நீங்களும் பாப்பாவும் அவள் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அவன் நன்றாகத்தான் பேசினான். எலி, பல்லி என்று சொன்னபோது சிலர் சிரித்தார்கள், சிலருக்குப் பிடித்தும் இருந்தது. செயலாளர் அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கடவுள் முதல்ல சிங்கத்தப் படைச்சாரா, எலியப் படைச்சாரா? அதச் சொல்லு" என்றார். இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியாதும்மா. நான் அப்ப அங்க இல்ல" என்றான்.

அவ்வளவுதான். யாரோ பக்கென்று சிரித்துவிட்டார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கடவுளின் காரியத்தைக் கிண்டல் செய்கிறவனுக்கு இந்தச் சுவர் இல்லை என்றார்.

அக்கா, அவன் கிண்டல் செய்யவில்லை. அது எங்கள் தொழிலில் சொல்கிற வார்த்தை. ஒரு லிஃப்ட் கோளாறானால் கம்பெனியிலிருந்து வந்து ஒவ்வொருவரையும் கேட்பார்கள். கண்ணால் பார்க்காதவன் "நான் அங்க இல்ல" என்பதோடு நிறுத்த வேண்டும். அப்படி இருக்கலாம், இப்படி இருக்கலாம் என்று ஊகம் சொன்னால் அதை நம்பி அடுத்து ஏறுகிறவன் செத்துப்போவான். இதை அந்த இடத்தில் சொல்ல என்னால் மட்டும்தான் முடியும். சொல்ல எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்து "உட்காரு" என்றார். நான் அவரிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் பேச்சும் நின்றுவிட்டது. வேலைச் சொல் மட்டும் மிச்சம். அவன் மேலே மெஷின் ரூமில் இருப்பான், நான் கீழே லிஃப்ட் வந்து இறங்கும் குழியில் இருப்பேன். லிஃப்டை ஓட்டுவதற்கு முன்னால் கயிறு இறங்கும் துளை வழியாக "இருக்கியா?" என்று கூப்பிடுவான். நான் எங்கே இருக்கிறேனோ அதைச் சொல்ல வேண்டும். "இருக்கேன், வெளிய" என்றால் ஓட்டுவான். இரண்டு மாதமாக எங்களுக்குள் இருந்த பேச்சு அதுதான்.

கூகையைப் பற்றி உங்களுக்கு எழுதியதாகச் சொன்னான். என்னைப் பற்றி எழுதியிருக்க மாட்டான். அன்றைக்குக் குழியில் நிமிரும்போது இரும்பில் தலை இடித்து நினைவு தப்பி விழுந்துவிட்டேன். மேலே கட்டிட மேலாளர் மூச்சு வாங்க வந்து, "கீழ யாரும் இல்ல, நான் பார்த்துட்டுத்தான் வர்றேன், ஓட்டுப்பா, பெரியவங்க காத்திருக்காங்க" என்று அவசரப்படுத்தியிருக்கிறார். அவர் எட்டிப் பார்த்தபோது நான் இருட்டில் ஒரு மூலையில் கிடந்திருக்கிறேன். இவன் கூப்பிட்டிருக்கிறான், பதில் இல்லை. "டீ குடிக்கப் போயிருப்பான்" என்றாராம் மேலாளர். "அவன் வெளிய வந்தானான்னு பார்க்க நான் அங்க இல்ல, எனக்குத் தெரியாது சார்" என்று சொல்லி, மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி முழுக்க இறங்கி வந்தான்.

கண் விழித்தபோது அவன் முகம்தான் தெரிந்தது. எழ முயன்றேன். "மெதுவா" என்றான். என் பெயரைச் சொன்னானா, எழுந்திருக்கும் விதத்தைச் சொன்னானா என்று தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள்.

மெதுவா

---

ஜூன் 25

மெதுவா தம்பிக்கு,

உங்கள் தலை எப்படி இருக்கிறது? தையல் போட்டார்களா? மயக்கம் வருகிறதா? தலையில் அடிபட்டதை அலட்சியமாக விடக் கூடாது, இன்னொரு முறை போய்க் காட்டுங்கள்.

நான் கத்தவில்லை. கடிதத்தை மடித்து நரிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். என் தம்பி கெண்டைக்கால் வலி என்று எழுதியதற்குப் பின்னால் ஒரு உயிர் இருந்திருக்கிறது. அதை எனக்குச் சொன்னால் உங்களைக் காப்பாற்றியதாகப் பெருமை பேசினதாகிவிடும் என்று விட்டிருப்பான். அவனைத் திட்டிய என் பழைய கடிதத்தை அவன் கிழித்துப் போட்டிருந்தால் நல்லது.

ஆனால் தம்பி, இதையெல்லாம் எனக்கு எழுதி என்ன ஆகப் போகிறது? நான் அந்தக் கூடத்தில் இல்லை. சுவரும் என் கையில் இல்லை. அவனுக்குச் சுவர்கூடப் பெரிதில்லை, பாட்டு இல்லாமல் வாரமே இல்லை என்று எழுதியிருக்கிறான். பாடுகிறவர் நீங்கள்தானே?

யாரிடம் சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லுங்கள். அந்த அம்மா உட்காரச் சொன்னால் கால் வலிக்கிறது, நின்றே பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அக்கா

---

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் இருமல் நின்றது என்று கேட்டுச் சந்தோஷம். மருந்தில்லாமலே நின்றதை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

சுவர் எனக்கே திரும்பி வந்துவிட்டது. பேசித் தீர்த்துவிட்டார்கள், வேறு விசேஷமில்லை. பெயர்ப்பலகைக்காரர் பென்சிலில் போட்டிருந்த சிங்கத்துக்கு மனிதப் புருவம் வந்து, பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தார். பின்னணி வானத்தை அவர்தான் அடித்துத் தருகிறார். நான் அடித்தால் திட்டுத் திட்டாக வரும்.

வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முதலில் பல்லி. இப்போது தினமும் யாராவது வந்து, "எங்க வீட்டுப் பூனைய வரையேன்" என்று நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் வரைவேன் என்கிறேன். வேலை முடிந்ததும் வீடு வீடாக டீ குடிக்கிறேன். ஒரு வீட்டில் பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை, அதனால் கட்டிலுக்கு அடியில் தெரிந்த கண்களை வரையப் போகிறேன். அவர்களுக்கு அதுவே போதுமாம்.

திறப்பு நாள் முடிவானதும் எழுதுகிறேன். வா.

உன் தம்பி

---

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

தலை ஆறிவிட்டது. மீண்டும் போய்க் காட்டினேன், பயமில்லை என்றார்கள். வீட்டில் எல்லோரும் உங்களைக் கேட்டார்கள். அவன் உங்களுக்கு "பேசித் தீர்த்துவிட்டார்கள்" என்று எழுதியதை வாசித்துக் காட்டினான். அது போதாது என்று எனக்குத் தெரியும், அதனால் நான் எழுதுகிறேன்.

அவனை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டெல்லாம் முடிந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமானால் சொல்லலாம் என்று கேட்பார்கள், அப்போது எழுந்தேன். குழியில் விழுந்ததிலிருந்து சொன்னேன். அவன் மேலாளரிடம் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். "குழுவுல இவன் சொன்னதும் இதே வார்த்தைதான். எங்க வேலையில அது கிண்டல் இல்ல, அதுதான் எங்களுக்கு உயிர். எனக்கு அது தெரிஞ்சும் அன்னிக்கு நான் வாயத் திறக்கல" என்றேன். செயலாளர் அம்மா, "சரி, உட்காரு" என்றார். "கால் வலிக்குதும்மா, நின்னுக்கறேன்" என்றேன். பொய்தான், நீங்கள் சொல்லிக் கொடுத்த பொய்.

அம்மா திரும்பி அவனைப் பார்த்தார். "அப்ப நீ என்னக் கேலி பண்ணலயா?"

"இல்லம்மா. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

அதோடு விட்டிருக்கலாம். அவர் வாத்தியார், விடவில்லை. "பார்க்காததச் சொல்ல மாட்டேன், வரைய மாட்டேன்னு இருக்கே. கடவுளப் பார்த்திருக்கியா?"

  இவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும்.

"இல்லம்மா" என்றான்.

"அப்புறம் இங்க எதுக்கு வர்ற?"

அவன் என்னைக் காட்டினான். "நான் மேல இருக்கும்போது இவனையும் பார்க்க முடியாதும்மா. கீழ ஒரே இருட்டு. 'இருக்கியா'ன்னு கேப்பேன். 'இருக்கேன்'னு குரல் வரும். அந்தக் குரல நம்பித்தான் லிஃப்ட ஓட்டறேன். இங்கயும் கேக்கத்தான் வர்றேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "குரல் வரலன்னா?"

"வரலன்னா, இறங்கிப் போய்த் தேடுவேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சுவர்ல ஏணி வைக்கணும்னா ரெண்டு பேர் வேணும். நீயும் கூடப் போ" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது தினமும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறேன். பல்லியின் விரல்களை அவன் ஒவ்வொன்றாக வைப்பதைப் பார்க்க வேண்டும் அக்கா. அது சுவரில் ஓடிவிடுமோ என்று எனக்கே பயமாக இருக்கும். அவனோடு இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறேன், இப்படிப்பட்டவன் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. குழுவில் நான் குரல் கொடுக்காமல் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் அவன் ஒவ்வொரு நாளும் துளை வழியாக "இருக்கியா" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வேலைக்காகக் கேட்கிறான் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் அன்புள்ள,
மெதுவா